பகலில் உறங்க ஓர் அறை

என் மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து காலையில்தான் வீட்டுக்கு வருவாள். தூத்துக்குடியில் எங்கள் வீடு மாடியில். தலைக்கு மேல் மொட்டை மாடி மட்டும்தான். அவள் குளித்துச் சாப்பிட்டுப் படுப்பதற்குள் காங்கிரீட் சுட ஆரம்பித்துவிடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் அவள் மேல் வீசும். ஏசி ஓய்வில்லாமல் ஓடும், அறை குளிராது.

போன கோடையில் ஒரு நாள், வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசிக்கு வேற மருந்த எடுத்துட்டேன். நல்லவேள, போடுததுக்கு முன்னால லேபிளப் பாத்தேன். உறக்கமில்லாம இந்த வேல பாக்கக் கூடாது. நான் நின்னுக்கிடுதேன்."

விரும்பிப் படித்துச் சேர்ந்த வேலை அது. 

நான் வேலை பார்ப்பது மீன் ஏற்றுமதி செய்யும் குளிர்கிடங்கில். மறுநாள் கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் உறைத்தது. சுவருக்கு அந்தப்புறம் இறால் கல்லாக உறைந்து கிடக்கிறது. இந்தப்புறம் முதுகில் சில்லிப்பே தெரியவில்லை. நடுவே இருப்பது ஃபோம். தினமும் தொடுகிற சுவர்தான். வெளிச்சூடு உள்ளே போகாமல் அது தடுப்பதும் தெரியும். அது நம் வீட்டுக்கும் உதவும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அவளிடம் சொன்னேன்.

"என்னையும் எறாலோட வைக்கப் போறியளா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

கொத்தனாரை வைத்து மொட்டை மாடியில் ஃபோம் பலகைகளைப் பரப்பி, மேலே சிமெண்ட் பூசி, வெள்ளை ஓடு பதித்தோம். அதுவரை பொறுத்துக்கொள்வதாக அவளும் சொல்லியிருந்தாள்.

வேலை முடிந்த சில நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். மணி அடித்தேன், கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவள். நான் கதவை இடித்தேன். கீழ்வீட்டு அக்காவும் ஓடிவந்து கதவைத் தட்டினார். "ஏளா, கதவத் தொற!"

தாழ்ப்பாள் விலகியது. கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். "மனுசர உறங்க விட மாட்டியளா?" என்றாள் எரிச்சலோடு.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டில் மேல் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் வழியாக வெயில் இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் கையை வைத்தபடி நிற்க முடிந்தது. ஏசி ஓடி, அறை குளிர்ந்து, தானாக ஓய்ந்திருந்தது.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். நான் சோற்றைச் சத்தமில்லாமல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு வேலைக்குத் திரும்பினேன். வேலையை விடும் பேச்சை அவள் பிறகு எடுக்கவேயில்லை.