டவர்க்காரம்மாவின் பதினொரு மாடி

கத்தியைப் பல்லில் கடித்தபடியே விலை சொல்வார் டவர்க்காரம்மா. இரண்டு கையும் ஒட்டுக் கட்டுவதில் இருக்கும். சீவிய ரோஜாக் கிளையோடு இன்னொரு கிளையைப் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டே, வந்தவரை ஏற இறங்கப் பார்த்து ஒரு விலை. பேரம் பேசினால் கத்தி வாயிலிருந்து கைக்கு வரும். "செடிய வெச்சிட்டுப் போங்க. இங்கயே நல்லா வளரும்" என்பார். பேரம் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

பெயர் ஊர் வைத்தது. அவருடைய செடிப் பண்ணையின் நட்டநடுவில் உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று நான்கு கால்களையும் அகட்டிக்கொண்டு நிற்கிறது. மகனைவிட மருமகளுக்குத்தான் மண் பிடிபடும் என்று நிலத்தை இவர் பெயருக்கு எழுதிவைத்தார் மாமனார். அவர் காலத்தில் மின்கடத்தல் நிறுவனம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நட்டுவிட்டுப் போன கோபுரம் அது. அன்றிலிருந்து கம்பிக்குக் கீழே ஆள் உயரத்துக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் நிறுவனத்தின் ஆட்கள் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போவார்கள். மரக்கன்று வியாபாரத்தை விட்டு ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் டவர்க்காரம்மா வந்தது அதனால்தான்.

தூறல் விழுந்தால் கம்பி இரையும். அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்குள்ளும் அவருக்கு அதே குரல்தான். கணவர் தையல்காரர், சாது. "எங்க வீட்டம்மா ரகசியம் சொன்னா தெருவே திரும்பிப் பாக்கும்" என்பார், அவரும் ரகசியமாகத்தான்.

இந்தக் கோபுரத்துக்குத்தான் வரி வந்தது, டவர்க்காரம்மாவின் பெயருக்கு.

மின்சாரம் கடத்தும் பாதைகளுக்கு அரசு புதிதாக வரி போட்டது. நல்ல காரியம்தான். ஊர் ஊராக நிலத்தை மிதித்துக்கொண்டு போகிறவர்கள் கட்டட்டும். நிறுவனமோ வக்கீல் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தது. கம்பி எங்களுடையது, அதற்குக் கிலோமீட்டர் கணக்கில் கட்டிவிடுகிறோம். கோபுரம் மண்ணில் ஊன்றியது, அது மண்ணுக்குச் சொந்தக்காரர் பாடு. இதைக் கேட்டு அரசும் தலையாட்டியது என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அளக்க வந்த வரிப்பிரிவு எழுத்தரிடம் கோபுரத்துக்கான படிவம் இல்லை. கட்டடத்துக்கான படிவம்தான் இருந்தது. அதில் 'மாடிகள்' என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதாம். மனிதர் அண்ணாந்து பார்த்தார். குறுக்குச் சட்டங்களை விரல் விட்டு எண்ணிப் பதினொன்று என்று எழுதினார். கூரை இல்லை, கதவு இல்லை, பயன்பாடு வணிகம். வெயிலில் நின்று எண்ணுகிறாரே என்று அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும் டவர்க்காரம்மாதான்.

பதினொரு மாடிக்கான வரியை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பண்ணை ஜப்தி என்றது நோட்டீஸ். அதை எடுத்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனார்.

"சார், பதினோரு மாடில யாரு சார் குடியிருக்கா? காக்காதானே?"

"அது எனக்கெதுக்கும்மா? உங்களுது இல்லன்னா, சொந்தக்காரங்ககிட்ட 'எங்களுது'ன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. உங்க பேரை அடிச்சிடறேன்."

"அது யாருதுன்னு ஊருக்கே தெரியுமே சார்!"

"ஊரு உங்களைத்தானே டவர்க்காரம்மாங்குது?" என்று சிரித்தார் எழுத்தர். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார். ஒருத்தியின் பிழைப்பே போகப்போகிறது, இவர்களுக்கு இளிப்பு. டவர்க்காரம்மா நோட்டீஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த ஒரு வரிக்காக நிறுவனத்துக்கு நான்கு நடை நடந்தார். கிளை அலுவலகம் தலைமை அலுவலகத்தைக் காட்டியது, தலைமை அலுவலகம் வக்கீலைக் காட்டியது, வக்கீல் வாசலைக் காட்டினார். எழுதிக் கொடுத்தால் வரி தங்கள் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

"மெஷினை வித்துக் கட்டித் தொலைச்சிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார் கணவர். "சர்க்காரோட நம்மால மல்லுக்கு நிக்க முடியுமா?"

"என்னுதா இருந்தா நானே கட்டிட்டுப் போறேங்க. நிழலுக்கு ஒரு மரம் வெக்க விடாதவன் பொருளுக்கு நான் எதுக்குக் கட்டணும்? இந்த வருஷம் கட்டினா அடுத்த வருஷமும் அது என்னுதுதான். எழுதி வெச்சுக்குங்க." இது தெருவுக்கே கேட்டது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலையிலேயே நிறுவனத்தின் ஜீப் வந்து நின்றது. கோபுரத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டு வெடித்துவிட்டதாம். இரண்டு ஊருக்கு மின்சாரம் இல்லை. மேற்பார்வையாளரும் மூன்று ஆட்களும் வழக்கம்போலக் கேட்காமல் உள்ளே நுழைந்து, ரோஜாத் தொட்டிகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஏறும் படி இருக்கும் காலருகே டவர்க்காரம்மா போய் நின்றுகொண்டார்.

"நில்லுங்க. யாரைக் கேட்டு என் கட்டடத்துல ஏறுறீங்க?"

"கட்டடமா? என்னம்மா, வெளையாடறீங்களா? ஆஸ்பத்திரில கரண்ட் இல்லாம ஜெனரேட்டர் ஓடுது. நகருங்க."

"நகந்துடறேன் சார். யாருதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இதென்ன கேள்வி? எங்க டவரு!"

"கேக்கல சார். கம்பி இரையுது."

"கம்பில கரண்ட்டே இல்ல, எங்கம்மா இரையுது? எங்க டவரும்மா! எங்க கம்பெனி டவரு!" என்று கத்தினார் மேற்பார்வையாளர். பண்ணையை ஒட்டிய கணவரின் தையல் கடையில் மெஷின் நின்றது.

டவர்க்காரம்மா இடுப்பில் செருகியிருந்த நோட்டீஸைப் பிரித்து, எழுத்தில்லாத பக்கம் மேலே வரும்படி கோபுரத்தின் இரும்புக் காலில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.