அருமையான கருத்து

குமரகுருவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவர். அப்பா கண்ணாயிரம் ஒரு தறியில், சித்தப்பா அடுத்த தறியில், அந்தச் சத்தத்துக்கு மேலே அம்மா "சோறு ஆறிக்கினு இருக்குது" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் சோறு. ரகசியம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டுமா என்று பெரியநாயகியைக் கேட்டார்களாம். "அவரு பேசுனதெல்லாம் கொல்லை வரைக்கும் கேட்டுச்சு, போதும்" என்றாளாம் அவள். இதைக் குமரகுருவே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவரை யாரும் முந்த முடியாது. முந்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்றும் சொல்லலாம்.

கணக்கு வாத்தியாராக இருந்தபோது எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு அவர் நடத்திய பாடத்தில் 'பி' பிரிவும் சேர்ந்து பாஸானது. அப்புறம் ஆசிரியர் பயிற்றுநர் ஆனார். பள்ளி பள்ளியாகப் போய், நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு நியாயம், கடைசி பெஞ்சுக்கு ஒரு நியாயம் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைகளோடும் உறவாடிப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. யாரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். "பிள்ளைங்ககிட்ட மென்மையா பேசணும்!" என்று முதல் பயிற்சியில் அவர் சொன்னபோது, பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் பயந்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆனாலும் வேலையை ஆசையாகத்தான் செய்தார். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார். வட்டத்தில் பெரியவர் சின்னவர் கிடையாது என்பார். ஆசிரியர்கள் வட்டத்திலும் சீனியாரிட்டிப்படிதான் உட்கார்ந்தார்கள், அது வேறு விஷயம். வீட்டிலிருந்து ஒரு பழைய நாடாவைக் கொண்டுவருவார். தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மரக்கட்டை அது. நாடா யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும், மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொருவர் முடித்ததும் குமரகுரு தலையை ஆட்டி, "அருமையான கருத்து" என்பார். இத்தனை வருடத்தில் தன் பயிற்சியில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசியதில்லை என்று ஒருநாள் வீட்டில் பெருமை அடித்துக்கொண்டார். "ஒங்க காதுல உழுந்திருக்காது" என்றாள் பெரியநாயகி. அதுவும் அவர் காதில் விழவில்லை.

போன ஆடி மாதம் ஐயம்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து தலைமையாசிரியர் மாணிக்கவேல் போன் செய்தார்.

"ஒம்பதாவதுல ஜோதிகான்னு ஒரு பொண்ணு சார். அறிவியல் எடுக்கற சங்கீதா டீச்சர் என்ன சொன்னாலும் 'இன்னா, இன்னா'ன்னு எதிர்த்துக் கத்தறா. டி.சி. ரெடியா வச்சிருக்கேன். ஒங்க வட்டத்தையும் ஒருதரம் போட்டுட்டோம்னா, அப்புறம் யாரும் நம்மள கேக்க முடியாது."

டி.சி. கைக்கு வந்தால் ஜோதிகாவின் படிப்பு அத்தோடு சரி. வீட்டில் அவளைப் புடவைக் கடை வேலைக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

வட்டம் போடப்பட்டது. ஆசிரியர்களோடு ஜோதிகாவும் உட்கார்ந்தாள். குமரகுரு கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். நம் அணுகுமுறை அப்படி என்று அவர் மனதுக்குள் தன்னை மெச்சிக்கொண்டார். பிறகு நாடா சங்கீதாவிடம் போனது. தென்காசிப் பக்கத்துக்காரர், வாய்க்குள்ளேயே பேசுகிறவர். நாடாவைப் பார்த்தபடி என்னவோ சொன்னார்.

குமரகுரு தலையை ஆட்டினார். "அருமையான கருத்து! எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்கப்பா!"

ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள். ஜோதிகாவும் தட்டினாள். தட்டிவிட்டு உரக்கக் கேட்டாள்: "இன்னா மிஸ் சொன்னீங்க?"

"பாத்தீங்களா சார்? இதான் திமிருன்றது" என்றார் மாணிக்கவேல்.

குமரகுருவுக்கு உடம்பு கூசியது. சங்கீதா சொன்னது அவருக்கும்தான் கேட்கவில்லை. கேட்காமலேயே கைதட்டவும் சொல்லியாயிற்று. கேட்காதவள் கேட்டாள், அது திமிர். கேட்காத அவர் தலையாட்டினார், அது பயிற்சி. இன்னொரு தரம் தலையாட்டினால் மானம் பிழைத்துவிடும். டி.சி. மாணிக்கவேலின் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் கேக்கலப்பா" என்றார்.

"என்ன சார்?"

"டீச்சர் சொன்னது எனக்கும் கேக்கல. ரொம்ப நாளா கேக்கல. கேக்காமயே 'அருமை, அருமை'ன்னு பொழப்பு ஓடிக்கினு இருக்குது."

சங்கீதா எழுந்து அவர் அருகில் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுப் பேசினார்.

"வருசக்கணக்கா வாரீங்க, நாங்க சொல்றத ஒருநாளும் கேட்டதே இல்லன்னு சொன்னேன் சார்!"

முதலில் சிரித்தது ஜோதிகாதான். அவளுக்கும் இப்போதுதான் கேட்டது. அப்புறம் கூடமே சிரித்தது. குமரகுருவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நீர் முழுக்கச் சிரிப்பினால் வந்ததல்ல.

சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை. ஜோதிகாவின் பக்கம் திரும்பினார். "நான் வகுப்புல பேசுறது உனக்குக் கேக்காதா?"

"கிட்ட நின்னு பேசுனா கேக்கும் மிஸ். ஒரு காதுல சின்ன வயசுலேர்ந்து சீழு வருது. அது வேலையே செய்யாது."

"ஏம்மா இத்தன நாளா என்ட்ட சொல்லல?"

"அதான் 'இன்னா, இன்னா'ன்னு கேட்டுக்கினே இருந்தேனே மிஸ்."

சங்கீதா கையிலிருந்த நாடாவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மாணிக்கவேல் தன் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை உள்ளே அழுத்திவிட்டுக்கொண்டார். மறுநாள் அது அவர் அறைக் குப்பைக்கூடையில் கிடந்தது.

காது டாக்டரிடம் மூவரும் சேர்ந்தே போனார்கள். குமரகுருவும் ஜோதிகாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசியதில் மொத்த வரிசைக்கும் பொழுது போனது. பேர் சொல்லிக் கூப்பிட்டபோது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. சங்கீதாதான் தோளைத் தட்டி எழுப்பி உள்ளே அனுப்பினார்.

கருவி மாட்டிக்கொண்டு போன முதல் பயிற்சியில் குமரகுருவுக்கு உலகமே புதிதாக இருந்தது. மின்விசிறி முனகியது. சாப்பாட்டுக்கு எப்போது விடுவார் என்று இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். நாடா சுற்றிவரத் தொடங்கியபோது வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர், "இந்தக் கட்டையெல்லாம் எங்க ஸ்கூல்ல வேலைக்கு ஆவாதுபா" என்று முணுமுணுத்தார்.

அட்சரம் பிசகாமல் கேட்டது. வலித்தது. பழக்கதோஷத்தில் "அருமையான" வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டார். எழுந்து போய் நாடாவை அந்த ஆசிரியர் கையில் கொடுத்தார்.

"இன்னா? ஏன் ஆவாது? சொல்லுங்க, கேக்கறேன்!"

கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டார். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.