லவுரிந்தாவின் ஒலிபெருக்கிக் கார்

எங்கள் ஊர் பெத்ரா மான்சாவில் எது நடந்தாலும் லவுரிந்தா சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு. பழைய கார், அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகள். தக்காளி மலிவு, தடுப்பூசி முகாம், காணாமல்போன பசு, சாவு எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். தேர்தல் நேரத்தில் யார் எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் எதிராளியைத் திட்டி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்த வைராக்கியம் எங்கள் மேயர்களுக்கு வாய்க்கவில்லை.

எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயர் பாதிரியாரோடு சரி. தெருவில் புழங்குவது பட்டப்பெயர்தான். அதனால் சாவுச் செய்தியில் அதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

போன சனிக்கிழமை விடியலில் சைக்கிள் கடைக்காரர் அர்ஜெமிரோ இறந்துபோனார். ஊருக்கு அவர் தவளை. அவருடைய மனைவி ஒடிலா, தவளை பொண்டாட்டி. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாளுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

"செத்த பிறகாவது மனுஷனா போகட்டும். அந்தப் பேரைச் சொன்னே, உன்னை வாசப்படி ஏற விடமாட்டேன்" என்றாள் ஒடிலா.

"யாருக்கும் புரியாதுக்கா" என்றாள் லவுரிந்தா. ஆனாலும் வீட்டுக்காரி சொல்லைத் தட்டவில்லை. 'அர்ஜெமிரோ பத்திஸ்தா ஃபுர்த்தாதோ காலமானார், மாலை அடக்கம்' என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லி வந்தாள்.

"யாருடா அது? பக்கத்து ஊர்க்காரனா இருக்கும்" என்று சொல்லிவிட்டு என் மச்சான் பந்து விளையாடப் போய்விட்டான்.

மதியமாயிற்று. காப்பி ஆறிப்போனது, சீஸ் ரொட்டி தட்டில் அப்படியே கிடந்தது. அக்கம்பக்கத்தார் நாலு பேரைத் தவிர கூடமே காலி. ஊரிலுள்ள அத்தனை சக்கரத்தையும் சரிபார்த்த மனிதர் அநாதைபோலக் கிடந்தார். லவுரிந்தா திரும்பி வந்து வாசலில் நின்றாள். நான்தான் சொன்னேனே என்று அவள் வாய் திறக்கவில்லை. அதுதான் லவுரிந்தா.

"இன்னொரு சுத்து வரட்டுமாக்கா?"

ஒடிலா காலி நாற்காலிகளைப் பார்த்தாள். எழுந்தாள். "நானும் வரேன். மைக்கை என்கிட்ட குடு."

அன்று மைதானத்தில் ஆட்டம் பாதியில் நின்றது. தெருத்தெருவாக ஒடிலாவின் குரல் கேட்டது:

"நான் தவளை பொண்டாட்டி பேசறேன். என் தவளை போயிட்டாரு. தனியா கிடக்காரு. வாங்கய்யா."