கைதட்டல் ஓயாத கசெட்

பார்க்டேலில் ஒரு இசைத்தட்டுக் கடை. ஒரு பாடகர் நைட்கிளப்பில் பாடியதை அப்படியே பதிந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் என் முதுகு தானாகக் குனிந்தது.

தொண்ணூறுகளில், ஸ்காபரோ அப்பார்ட்மென்டில், எங்களிடம் அதே ஆல்பம் கசெட்டாக இருந்தது. அப்பா பெல்ட்டைக் கழற்றினால் அம்மா அதைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். மற்றக் கசெட்டுகளில் பாட்டுகளுக்கு நடுவே அமைதி வரும், அண்ணாவின் அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். இதில் கைதட்டலும் விசிலும் ஓயாது.

ஒருநாள் பெல்ட்டின் இரும்புக் கொளுக்கி அண்ணாவின் காதைக் கிழித்தது. கார்ப்பெட்டில் இரத்தம். கசெட்டில் கூட்டம் "வன்ஸ் மோர்" என்று கத்தியது. அப்பா மறுபடியும் கையை ஓங்கினார். நான் பாய்ந்து கசெட்டை நிறுத்தினேன். அடுத்த அடி அந்த அமைதியில் தனியாக விழுந்தது.

"ஏன்டி நிப்பாட்டினனீ? போடு" என்றார் அப்பா.

"போடமாட்டன். அடியுங்கோ அப்பா, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் ஓங்கிக் குத்தினார். அப்பாவின் கை இறங்கியது. அம்மா அதற்குப் பிறகுதான் அழுதார்.

கடையில் இப்போது அதே கூட்டம் "வன்ஸ் மோர்" கேட்கத் தொடங்கியது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கவே, நான் போய் இசைத்தட்டின் மேலிருந்த ஊசியைத் தூக்கினேன்.