நான் கீறிய ஊர்

நான் இப்போது வாழும் லின்ஃபீல்டில் பக்கத்து வீட்டு மார்கரெட், இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்தின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார். ஓடை, தேவாலயம், கல்பாலம். அந்தப் பழங்காகித மணத்தில் எனக்கு மன்னார்ப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது.

"உங்கட ஊரைப் படமாக் கீறுங்கோ" என்றார் டீச்சர். நான் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இருந்த கிராமத்தை, கல்பாலத்தோடு அப்படியே கீறிப் பரிசு வாங்கினேன். கடற்கரை வாடிக் கொட்டிலில் கருவாடு காயப்போட்டுவிட்டு வந்த அப்பா, உப்புக் கை படாமல் படத்தின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கட வாடி எங்க, பிள்ளை?"

"அது நாறும், அப்பா."

அவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு படத்தைச் சுவரில் ஒட்டினார்.

"இனி உன் ஊரை வரைந்து காட்டு" என்று மார்கரெட் வெற்றுத்தாளை நீட்டினார். அப்பாவின் வாடிக்கு வாசல் கடற்பக்கமா, ரோட்டுப் பக்கமா? ஞாபகமில்லை. நான் கீறிய கல்பாலத்துக்கு மூன்று வளைவு என்பது மட்டும் இன்னும் மறக்கவில்லை.