மாடியில் யாரும் இல்லை

பட்டாசு லைசென்சுக்கு விண்ணப்பம் போடுகிறவன் முதலில் கடையின் வரைபடம் வைக்க வேண்டும். கடை எத்தனை அடி, வாசல் எந்தப் பக்கம், மின்பெட்டி எங்கே, மேலே என்ன இருக்கிறது எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். எனக்கு வரைந்து கொடுத்தவர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு சின்ன அறை வைத்திருந்தார். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவர் வாசலில் கூட்டம் நிற்கும். என் முறை வந்தபோது தலை நிமிராமல் கேட்டார்.

“மாடியில யாரு இருக்கா அண்ணாச்சி?”

“ஒரு நர்சம்மாவும் பிள்ளையும் வாடகைக்கு இருக்காவ.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ கிடைக்காது. மேல ஆள் குடியிருந்தா கீழ வெடிக்கடை வைக்க விடமாட்டாவ. சட்டம் அப்படி.”

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் குனிந்து, மெதுவாக, “காலின்னு போடும்வே. மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“பொறுப்பு உம்மோடது” என்று சொல்லிவிட்டு, மாடிக்கான கட்டத்துக்குள் ‘காலி’ என்று எழுதினார். அந்த மனிதர் மேல் பழியைப் போட்டுவிட எனக்கு ஆசைதான். ஆனால் எழுதச் சொன்ன வாய் என்னுடையது.

பசி பட்டினி என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. டவுணில் எங்கள் அப்பா கட்டிய கட்டடத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடங்களே நோட்டு விற்க ஆரம்பித்த பிறகு பாதி நாள் ஈ ஓட்டினேன் என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த தெருக்காரன் ஒவ்வொரு தீபாவளிக்கும் வெடி விற்று, விற்று, கடையை இரண்டு மடங்காக்கிவிட்டான். அதைப் பார்த்து எனக்கு வந்தது வெறும் வயிற்றெரிச்சல். வேறு நல்ல பேர் எதுவும் அதற்குக் கிடையாது.

மாடியில் இருந்தவர் கடற்கரை ஊர்க்காரர். கணவர் கப்பலில் வேலை. வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஊர்ப் பக்கம் தலைகாட்டுவார். மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் தெருவே அவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நான்கு வருஷத்தில் வாடகைக்காகவோ தண்ணீருக்காகவோ ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆன சமயம், டூட்டி முடிந்த களைப்போடு பஸ் பிடித்துப் பாளையங்கோட்டையில் இருக்கிற எங்கள் வீடு வரை வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனவர். ஒரு வாய் காப்பிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். அவரைத்தான் நான் காலி என்று போடச் சொன்னேன்.

நேரில் சொல்லியிருக்கலாம். “சிஸ்டர், இருபது நாள் பிள்ளையோட வேற எங்கயாவது இருந்துக்கிடுதியளா?” என்று கேட்டால் தீர்ந்தது. கேட்கவில்லை. கேட்டால் பயந்து வீட்டையே காலி செய்துவிடுவார், நல்ல வாடகைக்காரர் போய்விடுவார் என்று நினைத்தேன். லைசென்சும் வேண்டும், வாடகைக்காரரும் வேண்டும். ஒன்றும் ஆகாது, எத்தனை கடை நடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடையைப் பார்வையிட நாளைக்குப் பதினோரு மணிக்கு வருவதாகத் தீயணைப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. அன்று சாயங்காலம் சிஸ்டர் படியேறும்போது வலிய நிறுத்தினேன்.

“நாளைக்கு என்ன டூட்டி சிஸ்டர்?”

“காலை டூட்டிதான். ஏன் அண்ணாச்சி?”

“சும்மாதான். மோட்டார் பாக்க ஆள் வருவான், அதுக்குத்தான் கேட்டேன்.”

மறுநாள் அவரும் பிள்ளையும் போன பிறகு மாடிக்குப் போனேன். கொடியில் கிடந்த பள்ளிக்கூடச் சீருடையையும் சேலையையும் சுருட்டி ஒரு சாக்கில் போட்டேன். வாசலில் கிடந்த செருப்புகள், மிதியடி, பால் வைக்கிற தூக்குச்சட்டி எல்லாம் அதே சாக்குக்குள். துளசியும் கற்றாழையும் வைத்திருந்த தொட்டிகளை மொட்டைமாடிக்குத் தூக்கினேன். நிலைப்படிக்கு மேலே குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மடித்து ஒட்டியிருந்தார். அதைப் பைய உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாமி காரியத்தில் கைவைக்கிறோமே என்று அந்த நேரத்தில் கொஞ்சம் கூசியது. மனுஷக் காரியத்துக்குக் கூசவில்லை.

வந்த அதிகாரி நிதானமானவர். டீ வேண்டாம் என்றுவிட்டார். மணல் வாளிகளை எண்ணினார். தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரைக் காட்டி இன்றைக்கே மாற்றச் சொன்னார். பிறகு வெளிப்படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார், நானும் பின்னாலேயே ஏறினேன். மாடி வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இங்க யாரு குடியிருக்கா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல சார். காலிதான். பழைய சாமான் கொஞ்சம் போட்டுப் பூட்டியிருக்கேன்.”

சொல்லி முடிக்கும்போதே பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் சிஸ்டர். கூட வேலை செய்கிறவர் யாரோ டூட்டி மாற்றிக் கேட்டதால் பாதியில் திரும்பியிருக்கிறார். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் வீட்டுச் சாவி. நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“நீங்க யாரும்மா?” என்றார் அதிகாரி.

சிஸ்டர் வெறும் கொடியைப் பார்த்தார். நிலைக்கு மேலே ஓலை இருந்த இடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். சாவி இருந்த கை முந்தானைக்குள் போனது.

“மாடி தூத்துப் பெருக்க வருவேன் சார். அண்ணாச்சிதான் வரச் சொன்னாவ.”

சொன்னதோடு நிற்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து, தன் வீட்டு வாசலைத் தானே கூலிக்காரி மாதிரி கூட்ட ஆரம்பித்துவிட்டார். தூசி பறந்தது. அதிகாரி ஒதுங்கி இறங்கினார். கடையில் உட்கார்ந்து குறிப்பு எழுதும்போது, “நல்லபடியா வச்சிருக்கிய” என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பாராட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கினேன். எனக்கெல்லாம் வெட்கம் என்று ஒன்று இருந்ததா என்று இன்றைக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவர் போன பிறகு சாக்கையும் ஓலையையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். “தப்பா எடுத்துக்கிடாதிய சிஸ்டர்” என்று ஆரம்பித்தேன். சாக்கிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக்கொண்டே, “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி” என்றார். சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார். நாலு வசவு வைதிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி ஆறியிருப்பேன்.

லைசென்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து சரக்கு வந்தது. பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கினேன். கடைசி அடுக்குக்கு மேலே இருந்தது அவர்கள் படுக்கிற அறை. என் மனைவி ஒரு நாள் கேட்டாள், “மேல அவுக இருக்காவளே, பரவாயில்லையா?” எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கியாச்சு என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை, அதுதான் கொடுமை.

விற்பனை ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, கடை திறக்கும் முன்னால், கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் உள்ள ஒரு பெட்டியைப் பிள்ளைக்கென்று எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சமாதானம் பண்ணிவிடலாம் என்ற நினைப்புத்தான். சிஸ்டர் டூட்டிக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தார். வீடு ஒரே அமைதியாக இருந்தது.

“பிள்ள எங்க சிஸ்டர்?”

“என் தங்கச்சி வீட்டுல விட்டுருக்கேன். தீபாவளி முடியட்டும், கூட்டிட்டு வாரேன்.”

எனக்கு உடனே விளங்கியது. விளங்காதது மாதிரி நிற்கவும் முடியவில்லை. “நீங்களும் அங்கன போயிருக்கலாம்லா?” என்றேன்.

“அங்கன இருந்து காலை டூட்டிக்கு வர பஸ் கிடையாது அண்ணாச்சி.” கொண்டையில் ஊசியைச் செருகினார். “எனக்கென்ன. உங்க பேப்பர்லதான் மாடியில ஆளே இல்லையே.”

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வது போலத்தான் சொன்னார். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும்கூட வந்தது. கீழே யாரோ ஷட்டரைத் தட்டி, “அண்ணாச்சி, கடை தொறக்கலையா?” என்று சத்தம் கொடுத்தார்.

இறங்கிப் போய்த் திறந்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, தீபாவளி வரை தினமும் திறந்தேன். வியாபாரம் முடிந்ததும் அவரை அந்தப் பெட்டிகளுக்கு மேலே விட்டுப் பூட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் என் பிள்ளைகள் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.