ஸ்டாப்பரை அக்கரைக்குக் கொடுத்த ஊர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பந்து தெரியும் என்று இனி எவனாவது என் முன்னால் சொன்னால், அவனைப் பிடித்து இருத்தி இந்தக் கதையைச் சொல்லுவேன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கி ஆடத் தெரியும், அவ்வளவுதான். கோல் விழாமல் காத்தவர்களை, அதுவும் அண்ணன் தம்பி இரண்டு பேரை, கமிட்டி கூடி, சாயா குடித்து, கை தூக்கிப் பக்கத்து ஊருக்குக் கொடுத்த ஊர் இந்தக் கடற்கரையில் எங்கள் ஊர் ஒன்றுதான். கை தூக்கியவர்களில் நானும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எவன் வாயாலும் அதை நான் கேட்க வேண்டாம்.

நான் நாலாம் வகுப்பு தாண்டாதவன். இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் பன்னிரண்டு வயதில் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டிப் புதுக்கடை சந்தைக்கு மிதித்தவன், இன்றைக்கு ஆழ்கடலுக்குப் போகிற இரண்டு விசைப்படகும் ஒரு ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கிறேன். எந்தப் படித்தவனும் எனக்கு வழி காட்டவில்லை. பந்தும் அப்படித்தான். நான் ஒரு நாளும் களத்தில் இறங்கியதில்லை. மீன் விற்கப் போனவனுக்குச் சாயங்காலம் ஏது? ஆனால் நாற்பது வருடம் கோட்டுக்கு வெளியே மணலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருத்தன் பந்தை வாங்கித் திரும்புகிற திருப்பத்திலேயே அவன் மத்தியானம் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சர்டிபிகேட் வைத்திருக்கிற கோச்சுகளே என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

திருவிழாப் பந்தாட்டத்தின் கோப்பை நான் கொடுத்தது. என் அப்பன் பெயர் வெட்டிய, என் இடுப்பு உயரக் கோப்பை. தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிக்கிற ஊருக்கு அது சொந்தம், அதுவரைக்கும் ஊர் ஊராகச் சுற்றும் என்ற சட்டமும் நான் வைத்ததுதான். இத்தனை வருடத்தில் எந்த ஊரும் மூன்றைத் தொடவில்லை. எங்கள் ஊர் இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தாயிற்று. இந்த வருடமும் ஜெயித்தால் என் அப்பன் பெயர் எங்கள் கிளப்பின் முன்னறையில் எந்நாளும் நிற்கும். சொந்தமாக வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்றுகூட எனக்கு இவ்வளவு ஆசை இருந்ததில்லை.

அந்த இரண்டு வருடமும் ஜெயித்தது யாரால்? ஊரில் கேட்டால் கோல் அடித்தவன் பெயரைச் சொல்வார்கள். நான் சொல்கிறேன், நடுவில் நின்ற ஸ்டாப்பராலும், அவனுக்கு இடது கைப் பக்கம் நின்ற அவன் தம்பியாலும். அண்ணன் குள்ளம். குதிக்க மாட்டான், விழுந்து புரள மாட்டான், கத்த மாட்டான். எதிராளி பந்தோடு வந்தால் இரண்டு எட்டுப் பின்னால் வைப்பான், அவ்வளவுதான். வருகிறவன் இந்தப் பக்கம் ஆட்டுவான், அந்தப் பக்கம் ஆட்டுவான், கடைசியில் பந்தைக் கொண்டுவந்து இவன் காலடியில் வைத்துவிட்டுப் போவான். தம்பி அந்தப் பந்தை வாங்கி ஒரே அடியில் மைதானத்தின் அந்தத் தலைக்கு அனுப்புவான். அருமனைப் பக்கத்திலிருந்து வந்த டீம் ஒன்று போன வருடம் முழு ஆட்டமும் முட்டிப் பார்த்துவிட்டு, முடிந்ததும் நேரே ஸ்டாப்பரிடம் போய்க் கை கொடுத்தது. எங்கள் ஊரில் எவனும் கொடுக்கவில்லை.

இரண்டு பேரும் என் படகில்தான் தொழில். மாதக்கணக்கில் கடலிலேயே தங்கித் தூண்டில் போடுகிற தொழில், தங்கல் என்போம். திருவிழாவுக்கு நாலைந்து நாள் முன்னால்தான் கரை பிடிப்பார்கள். அதனால் பழைய செக்ரட்டரி காலத்தில், கடலில் கிடக்கிறவன் பிராக்டிஸுக்கு வந்ததாகவே ரெஜிஸ்டரில் போடுவார்கள். அலையில் ஆடுகிற படகில் நாள் முழுக்கக் கால் ஊன்றி நிற்கிறவனுக்கு அதைவிட என்ன பிராக்டிஸ் வேண்டும்? புதிய செக்ரட்டரி இருபது வருடம் வளைகுடாவில் ஏசி அறையில் இருந்துவிட்டு வந்தவர். வந்த வேகத்தில் சட்டத்தை மாற்றினார். ஆட்டத்துக்கு முந்தைய பதினைந்து நாளும் மைதானத்துக்கு வராதவனுக்கு டீமில் இடமில்லை.

கமிட்டியில் இந்தப் பேச்சு வந்த அன்று, கோல் காக்கிற எங்கள் கோலி மட்டும் எழுந்து நின்றான். "அவனுவ நடுக்கடல்லலா கெடக்கானுவ. அங்க வந்து விசில் ஊதுவியளா?"

"நீ உன் போஸ்ட்டப் பாருலே," என்றார் செக்ரட்டரி. "ரூலுன்னா எல்லாருக்கும் ஒண்ணாக்கும். பொறத்தால எவன் நின்னாலும் போதும். கோலடிக்கதுக்காக்கும் ஆளு வேணும்." பிறகு என் பக்கம் திரும்பிப் போனை நீட்டினார். "மாமா, இதப் பாருங்க."

போனில் எங்கள் ஊர்ப் பையன்கள் இருவர். வெளியூர்க் காலேஜில் பந்துக்காகவே இடம் கிடைத்துப் படிக்கிறவர்கள், லீவுக்கு வந்திருந்தார்கள். ஒருத்தன் மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போய் கோல் அடித்தான். அதை இரண்டாவது தடவையும் போடச் சொன்னேன். நாற்பது வருடம் ஆட்டம் பார்த்த நான், அந்தச் சின்னக் கண்ணாடியில் மயங்கிவிட்டேன். கையைத் தூக்கினேன். நான் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் தூக்காமல் இருந்திருந்தால் அந்த அறையில் ஒரு கையும் எழும்பியிருக்காது.

படகு கரை பிடித்த அன்று இருவரும் டீம் விவரத்தை நோட்டீஸில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கோயில் மதிலில் ஒட்டியிருந்தது. தாடியும் உப்புமாக, கையில் துணிப்பையோடு நின்று, மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தார்களாம். அப்படியே வீட்டுக்குப் போனார்களாம். அன்றைக்கே அக்கரையிலிருந்து ஆள் வந்துவிட்டது. அக்கரை என்றால் ஆற்று முகத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர். போன வருடம் ஃபைனலில் எங்களிடம் தோற்றவர்கள். அண்ணனும் தம்பியும் பெண் கட்டியதும் அங்கேதான், ஒரே வீட்டில். எங்கள் திருவிழா ஆட்டத்தில் ஊரில் பிறந்தவனும் களத்தில் இறங்கிக் களிக்கலாம், ஊருக்கு மருமகனாக வந்தவனும் களிக்கலாம், பழைய வழக்கம். மாமனார் வெற்றிலைத் தட்டோடு வந்து, "மருமக்களே, எங்களுக்காக நில்லுங்க," என்று கேட்டாராம்.

விஷயம் தெரிந்ததும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் யார் வீட்டுக்கும் போய்க் கேட்டு நிற்கிறவன் இல்லை. கோப்பைக்காகப் போனேன்.

ஸ்டாப்பரின் மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க மாமா. இரிங்க. சாயா போடட்டா, இல்ல கமிட்டியிலேயே குடிச்சாச்சா?"

அது குத்துதான். கேட்காததுபோல் உட்கார்ந்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து தூண்டில் முள்ளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தம்பி கதவோரம் நின்று போனைத் தடவினான். "மக்கா," என்றேன், "லிஸ்ட நான் மாத்துகேன். நான் சொன்னா மாத்தாம செக்ரட்டரி எங்க போவான்?"

"மாமா சொன்னா மாத்துவாரு. தெரியும்," என்றான் அண்ணன், தலை நிமிராமல். "அன்னைக்கு ஏன் சொல்லல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "உன் தொழிலு ஆருக்க போட்டுலலே?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க போட்டுலதான். அதுக்கும் பந்துக்கும் என்ன?"

அதற்குள் அவள் முன்னால் வந்தாள். ஊரில் ஒரு வழக்கம் உண்டு, நான் தொடங்கியது. திருவிழா ஆட்டத்தில் யார் கோல் அடித்தாலும் மறுநாள் காலையில் என் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு முழு நெய்மீன் அவன் வீட்டுக்குப் போகும். ஊர் பார்க்க, தலைச்சுமையாக, வெடி போட்டுக்கொண்டு போகும். எனக்கு அதில் பெருமைதான். "எட்டு வருசமா இந்த மனுசன் பொறத்தால நிக்காரு," என்றாள் அவள். "இந்த வாசலுக்கு ஒரு சாளைக்குஞ்சாவது வந்துதா மாமா?"

"அது கோலுக்குள்ள மரியாதை பிள்ளே."

"செரி. அந்த நெய்மீனப் பிடிச்சது ஆரு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். வழி நெடுக அவளைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். வாய் நீளம், வளர்த்த விதம் சரியில்லை, அக்கரைக்காரி அப்படித்தான் என்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், அவள் சொன்னதில் தவறு எது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அன்றைக்கே திரும்பிப் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு படகு வைத்திருக்கிறவன் ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போவதா என்று இருந்துவிட்டேன்.

காலேஜ் பையன்கள் முதல் ஆட்டங்களில் கோலாக அடித்தார்கள். ஊர் கொண்டாடியது. அக்கரை ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கோல் போட்டு, ஒன்றும் வாங்காமல் மேலே வந்தது. ஃபைனலில் நாங்களும் அவர்களும்.

அன்று இரண்டு பேரும் அக்கரைச் சட்டை போட்டு இறங்கியதும் செக்ரட்டரி ரெஃப்ரியிடம் ஓடினார். "அது நம்ம ஊருக்காரனுவ! அக்கரைக்கு எப்பிடி களிக்கலாம்?"

நான் கோட்டோரத்திலிருந்தே கத்தினேன். "ஓய், நம்ம கோலி எந்த ஊரு? மணவாளக்குறிச்சிலேருந்து இங்க வந்து பெண்ணு கட்டுனவன்லா? வாய மூடிட்டு வாரும்."

முதல் பாதி முழுக்கக் காலேஜ் பையன்கள் ஸ்டாப்பருக்கு முன்னால் ஆடிக் காட்டினார்கள். அவன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். பந்தை எடுத்தான். மறுபடி வந்தார்கள். மறுபடி எடுத்தான். என் பக்கத்தில் நின்ற அக்கரைக் கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எங்க மருமவனப் பாத்தீரா ஓய் கோப்பைக்காரரே? எங்கேருந்து கிடைச்சான்னு கேளும்," என்றார். நான் கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் எங்களுக்கு ஒரு கார்னர். ஸ்டாப்பருக்குப் பதிலாக நாங்கள் நிறுத்தியிருந்த உயரக்காரன் தலையால் அடிக்க மேலே ஓடினான். "எலே, பொறத்தால ஆரு நிக்கது?" என்று கோலி தொண்டை கிழியக் கத்தினான். யாரும் நிற்கவில்லை. குள்ளன் பந்தைத் தட்டித் தம்பிக்குக் கொடுத்தான், தம்பி ஒரே அடியில் இந்தத் தலைக்கு அனுப்பினான். அக்கரை ஃபார்வேர்டும் எங்கள் கோலியும் மட்டும். கோல். அதற்குப் பிறகு எவ்வளவு முட்டியும் அந்த இருவரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

விசில் ஊதியதும் உயரக்காரனைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உன்ன எங்க நிக்கச் சொன்னேன்? நீ ஏம்லே மேல போன?"

பயந்துபோய் உண்மையைச் சொன்னான். "ஒரு கோல் போட்டா வீட்டுக்கு நெய்மீன் வரும்லா பாட்டா."

சட்டையை விட்டுவிட்டேன். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது? பின்னால் பேக்கில் நிற்கிறவனையும் கோலுக்கு அலையவைத்த வழக்கம் நான் வைத்தது.

மேடையில் செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, வெற்றி தோல்வி சகஜம் என்று தொடங்கினார். மைக்கைப் பிடுங்கி, "சகஜமில்ல," என்றேன். "ரெண்டு வருசம் ஜெயிச்ச டீமுக்க பேக்க நாமளா கொண்டு போய்க் குடுத்திருக்கோம். இத சகஜம்னு சொல்லுகவன் இனி கமிட்டில இரிக்காண்டாம். கை தூக்குனதுல நானும் உண்டு. நானும் எறங்குகேன்." எவனும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுப்பார்கள் என்று நினைத்தேன்.

கோப்பை வாங்க அக்கரைக் கேப்டனாக அவனே வந்தான். முழங்காலில் மண், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோப்பையைக் கொடுக்கும்போது அவன் காதருகில் குனிந்து, என் வாழ்க்கையில் எவனிடமும் கேட்காத மாதிரி கேட்டேன். "அடுத்த வருசம் ஊருக்கு வா மக்கா. தம்பியையும் கூட்டிட்டு வா. தப்பு என்மேலதான்."

அவன் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி இடுப்பில் அணைத்துக்கொண்டான். "மாமனாருக்கு வாக்கு குடுத்தாச்சு மாமா. மூணு வருசம். கோப்பை அங்கயே நிக்கட்டும்." அப்புறம் சாதாரணமாக, "திங்கக்கிழமை தங்கலுக்குப் போணும். ஐஸ் ஏத்தச் சொல்லிருங்க," என்றுவிட்டு இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை ஐஸ் ஏறியது. அவன் படகு ஏறினான், நான் துறையில் நின்றேன், தொழில் மட்டும் பேசினோம். இன்றுவரை அப்படித்தான்.

மூன்று வருடம் கழிந்தால் எனக்கு எழுபத்தைந்து. அப்போதும் நான் கோட்டோரத்தில் நிற்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் உடம்பு அப்படிப்பட்டது. அவனுக்கு முப்பத்தாறு தாண்டிவிடும். தங்கலில் நின்று நின்று இப்போதே அவனுக்கு வலது முட்டு பிடிக்கிறது என்று படகில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். இரண்டு எட்டுப் பின்னால் வைக்க அந்தக் கால் அப்போது இருக்குமா என்று எவனும் யோசிக்கவில்லை. கமிட்டி நேற்றும் கூடியிருக்கிறது. புதிதாக ஒரு ஃபார்வேர்டைப் பார்த்து வைத்திருக்கிறார்களாம்.